சவரக்கத்தில ஷேவிங் பழகணும்னா கை என்ன வேலை பாக்கணும்

கடையில விக்கிற மூணு பிளேடு, அஞ்சு பிளேடு ரேசர் ஒண்ண எடுத்து கொஞ்சம் உத்துப் பாருங்க. பிளேடு எந்தச் சாய்வுல தோல்ல படணும்ங்கறத அதச் செஞ்சவங்களே முடிவு பண்ணி பூட்டி வச்சிருப்பாங்க, முன்னாடி இருக்கற ரப்பர் பட்டை தோல கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், பிளேடு எவ்வளவு வெளிய நீட்டணும்னு அதுக்கும் ஒரு அளவு வச்சிருப்பாங்க, கூர் போச்சுன்னா கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். நம்ம கைக்கு மிச்சம் இருக்கறது மேல இருந்து கீழ இழுக்கற வேலை மட்டும்தான். காலைல அரைத் தூக்கத்துல பண்ணினாலும் பெருசா ஒண்ணும் ஆகறதில்லைன்னா காரணம் அதுதான்.

சவரக்கத்திய, அதாவது பிளேடு மாத்தற வேலையே இல்லாம முழுசும் எஃகுல செஞ்ச அந்தக் காலத்து மடக்குக் கத்திய, கையில எடுத்தா இந்த வேலை மொத்தமும் திரும்ப உங்ககிட்ட வந்துரும். சாய்வு, அழுத்தம், தோல இழுத்துப் பிடிக்கறது, கூர காப்பாத்தறது, இந்த நாலுதான். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் பயம் என்னவோ தொண்டை அறுந்துருமோன்னுதான், ஆனா ரெண்டு மூணு வாரத்துல கத்திய டப்பாக்குள்ள போட்டு மூடி வைக்கறவங்கள கேட்டா முக்காவாசி பேர் காயத்தால விட்டிருக்க மாட்டாங்க, "வலிக்குது, முடிய பிச்சு எடுக்குது"ன்னுதான் சொல்லுவாங்க. அது கூர் பிரச்சனை. கை பழகறதுக்கு முன்னாடியே கத்தி மழுங்கிருது, மழுங்கின கத்தில யாரு பழக முடியும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிட்டு வந்துடறேன். நூத்தி இருபது வருஷம் முன்னாடி வரைக்கும் உலகத்துல பெரும்பாலான ஆம்பளைங்களுக்கு ஷேவிங்னா இந்தக் கத்திதான், ஒண்ணு கடைக்குப் போய் நாவிதர்கிட்ட பண்ணிக்கறது இல்லேன்னா வீட்டுல தானே பண்ணிக்கறது. இங்கிலாந்துல ஷெஃபீல்டு, ஜெர்மனில சோலிங்கன், பிரான்ஸ்ல தியேர், இந்த மூணு ஊரும் கத்திக்குப் பேர் போன ஊருங்க. அப்புறம் அமெரிக்காவுல கிங் கேம்ப் ஜில்லெட் வந்து, மழுங்கினா தூக்கிப் போடற மெல்லிசு பிளேட விக்க ஆரம்பிச்சார். 1903ல, மொத வருஷம், வித்தது வெறும் 51 ரேசரும் 168 பிளேடும்தான். அடுத்த வருஷமே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்த தாண்டிருச்சு. ஜனங்க ஷேவிங் தெரியாம ஒண்ணும் அங்க ஓடல, கூர் தீட்டற வேலைல இருந்து தப்பிக்கத்தான் ஓடினாங்கன்னு நான் நினைக்கறேன். அந்த வேலையத்தான் நாம இப்ப ஆசப்பட்டு திரும்ப இழுத்துப் போட்டுக்கறோம்.

நம்ம ஊர் சலூன்ல இப்ப பாக்கறது அந்தக் கத்தி இல்ல. பழைய கடைகள்ல சேர் பக்கத்துல தோல் வார் தொங்கும், கத்திய சடசடன்னு அதுல தீட்டிட்டு வருவாங்க. எச்ஐவி பத்தின விழிப்புணர்வு வந்ததுக்கப்புறம் அது போய், ஆளுக்கொரு புது பிளேட ரெண்டா உடைச்சு மாட்டற மடக்குக் கத்தி வந்துருச்சு. கடைக்கு அதுதான் சரி, ரத்தம் படற சாமான ஒருத்தர் மூஞ்சில இருந்து இன்னொருத்தர் மூஞ்சிக்கு கொண்டு போகவே கூடாது, ஹெபடைட்டிஸ் பி எல்லாம் அப்படித்தான் பரவும். வீட்டுலயும் அதே சட்டம்தான், கத்தி ஒரு ஆளுக்கு மட்டும், அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி.

நிறைய பேரு மொதல்ல இந்தப் பாதி பிளேடு கத்தில பழகிட்டு அப்புறம் நிஜக் கத்திக்குப் போலாம்னு நினைக்கறாங்க. விலை கம்மி, தீட்ட வேண்டியதில்ல, ஆசை எவ்வளவு தூரம் நிக்குதுன்னு பாத்துக்கலாம், அதுக்கெல்லாம் சரி. ஆனா லேசான கத்தின்னு நினைச்சுடாதீங்க, பிளேடு ரொம்ப மெல்லிசு, மூலை ரெண்டும் ஊசி மாதிரி, கத்திக்கும் வெயிட் கிடையாது, அதனால கை தானா அழுத்தும். முழுக் கத்திக்கு முதுகுல கனம் இருக்கு, அந்தக் கனமே முடிய வெட்டப் போதும். வீட்டுல இருக்கற பிளேடு கத்தில வெட்டிக்கிட்டு "இது நமக்கு ஆகாது"ன்னு முடிவுக்கு வந்தவங்க நிஜக் கத்திய ஒரு தடவை புடிச்சுப் பாத்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாங்க.

சரி, கத்திக்கு வருவோம். வெட்டற விளிம்புக்கு வாய்னு பேர், அதுக்கு எதிர்ப்பக்கம் தடிமனா இருக்கறது முதுகு. முதுகுல இருந்து வாய் வரைக்கும் இருக்கற அகலத்த அங்குலத்துல எட்டுல எத்தன பங்குன்னு சொல்லுவாங்க. எட்டுல அஞ்சுன்னா கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர், எட்டுல ஆறுன்னா 19. புதுசா ஆரம்பிக்கறவங்க இந்த ரெண்டுல ஒண்ணு வாங்கினா போதும், அதுக்கு மேல அகலமானது மூக்குக்குக் கீழ திருப்பறது கஷ்டம். நுனி உருண்டையா இருக்கணும், சதுரமா கூர்மூலையோட வர்றது பாக்க கம்பீரமா இருக்கும், காது மடல்ல பட்டா தெரியும். பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் குழிவா கடைஞ்சிருப்பாங்க, ரொம்ப குழிவா கடைஞ்சது மெல்லிசா இருக்கும், முடி வெட்டுப்படும்போது கரகரன்னு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தமே சாய்வு சரியா இருக்குன்னு சொல்லிக் குடுக்கும். சோலிங்கன்னு முத்திரை இருந்தா அந்த ஊர்ப் பேருக்கு ஜெர்மனில 1938லயே சட்டப் பாதுகாப்பு குடுத்திருக்காங்க, அதனால நிஜ முத்திரையா இருந்தா நம்பலாம். ஆன்லைன்ல பளபளன்னு கொம்புக் கைப்பிடி போட்டு அடிமாட்டு விலைக்கு வர்றத நான் வாங்கவே மாட்டேன், எஃகுல பதம் இல்லேன்னா எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது, புதுசா பழகறவங்களுக்கு தப்பு கத்திலயா கையிலயான்னே தெரியாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்த முதுகு. சமையல்கட்டு கத்திய கல்லுல தீட்டறவங்களுக்குத் தெரியும், எவ்வளவு சாய்ச்சுப் பிடிக்கறதுங்கறதுதான் பெரிய தலைவலி, ஒவ்வொரு இழுப்புக்கும் சாய்வு மாறும். சவரக்கத்தில அந்தக் கவலை இல்ல. தட்டையா கல்லுல படுக்க வச்சா முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லத் தொடும், முதுகு எவ்வளவு தடிமன், கத்தி எவ்வளவு அகலம், இந்த ரெண்டு அளவே சாய்வ முடிவு பண்ணிரும். ரெண்டு பக்கமும் சேர்த்து வாய்ல சுமார் 16, 17 டிகிரி வர்ற மாதிரித்தான் செய்வாங்க. தேயும்போதும் முதுகும் வாயும் சேர்ந்தே தேயறதால அந்த விகிதம் பெருசா மாறாது, அதனாலதான் தாத்தா காலத்து கத்தி கூட இன்னிக்கும் வேலை செய்யுது. முதுகக் கல்லுல இருந்து தூக்கினா மட்டும்தான் கெடும்.

இப்ப கூர். நல்லா தீட்டின கத்தியோட வாய் நுனி தடிமன் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும், கீழ இருக்கும், தாடி முடியோ நூறு மைக்ரான் பக்கம். எஃகு முடியவிட சுமார் ஐம்பது மடங்கு கெட்டி, அப்புறம் எப்படி முடி போய் எஃக மழுங்கடிக்குதுன்னு ரொம்ப நாளா சரியா விளங்காம இருந்தது. அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஒரு குழு இத எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ளயே முடிய வெட்டிப் பாத்து 2020ல சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. அவங்க பாத்தது சாதாரண டிஸ்போசபிள் ரேசர் பிளேடத்தான். நாம நினைக்கற மாதிரி வாய் நுனி உருண்டையா தேய்ஞ்சு மழுங்கறது பெரிய பங்கு இல்லையாம், வாய்ல சின்னச் சின்ன சில்லு பேந்து போகுதாம். முடி வளைஞ்சு கொடுத்து சாய்வா வந்து பட்டு, அந்த இடத்துல எஃகோட உள்ளமைப்பும் ஒரே சீரா இல்லாம இருந்தா சில்லு பேரும். அதப் படிச்சா இன்னொரு விஷயமும் புரியும், கத்தி விஷயத்துல எஃகோட தரம் ஏன் இவ்வளவு பேசப்படுதுன்னு.

அப்ப தோல் வார் என்ன பண்ணுது? சாணைக்கல் உலோகத்த அறுத்து புது வாய் உண்டாக்கும், வார் அப்படி பெருசா எதையும் அறுக்கறதில்ல, நுனில வளைஞ்சு கொக்கி மாதிரி நிக்கறத நேராக்கி மெருகேத்தும். அதனால ஷேவிங்குக்கு முன்னாடி தினம் வார், மாசக்கணக்குல எப்பவாச்சும் கல்லு. வார்ல வழக்கமா ரெண்டு பட்டை இருக்கும், ஒண்ணு கேன்வாஸ் மாதிரி முரட்டுத் துணி, இன்னொண்ணு தோல். துணில ஒரு இருபது முப்பது, தோல்ல ஐம்பது அறுபது, போய் வர்றது ஒரு தடவைன்னு கணக்கு.

இத பண்ற விதம்தான் முக்கியம், கவனமா படிங்க. வார ஆணில மாட்டி விரைப்பா இழுத்துப் பிடிங்க, தொய்வா விட்டா கத்தி போற இடமெல்லாம் தோல் வாயச் சுத்தி வளைஞ்சு கூர உருட்டி விட்டுரும். கத்திய தட்டையா படுக்க வைங்க, முதுகும் வாயும் தோல்ல படணும். எப்பவும் முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும். கோடிக்குப் போனதும் நிறுத்தி, முதுகு தோல விட்டு எழும்பாம, முதுகு மேலயே உருட்டி அடுத்த பக்கத்தப் படுக்க வச்சு திரும்பி வாங்க. வாய்ப் பக்கமா உருட்டினா வார் வெட்டுப்படும், கத்தியும் போச்சு. அழுத்தவே கூடாது, கத்தியோட கனம் போதும். சினிமாவுல காட்டற மாதிரி சடசடன்னு வேகமா அடிக்கணும்னு ஆசை வரும், வேகம் பின்னாடி தானா வரும், இப்போதைக்கு மெதுவா போங்க. மொத வாரம் பிரெட்டுக்கு ஜாம் தடவற மொட்டைக் கத்திய வச்சு உருட்டப் பழகுங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க, பரவால்ல. வாரும் மொதல்ல மலிவானதா ஒண்ணு வாங்குங்க, அதுல எப்படியும் ரெண்டு மூணு வெட்டு விழும்.

புதுக் கத்தி வாங்கும்போது விக்கறவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: ஷேவ் பண்ற அளவுக்குக் கல்லுல தீட்டித்தான் அனுப்பறீங்களா? பெரிய கம்பெனிக் கத்தி கூட ஃபேக்டரில இருந்து அப்படியே வந்தா பல சமயம் முகத்துக்குப் போதுமான கூர் இருக்காது. கை முடி மேல தோல்ல படாம கொஞ்சம் உசரத்துல ஓட்டிப் பாருங்க, முடி தானா வெட்டுப்பட்டு விழுந்தா நல்ல கூர். கட்டைவிரல வச்சு தடவிப் பாக்கற வேலை வேண்டாம், விரலுக்கும் நல்லதில்ல கூருக்கும் நல்லதில்ல.

முகத்த ரெடி பண்றதுல பெரிய ரகசியம் இல்ல. குளிச்சிட்டு வந்து பண்ணுங்க, முடி தண்ணிய குடிச்சு மெதுவாகும், ரெண்டு மூணு நிமிஷம் ஈரம் இருந்தாலே வித்தியாசம் தெரியும். பிரஷ்ல சோப்போ கிரீமோ போட்டு நுரை ஏத்துங்க, டப்பால இருந்து புஸ்ஸுன்னு வர்ற ஃபோம் சீக்கிரம் காஞ்சிரும், கத்தி மெதுவா போறதால உங்களுக்கு ஈரமான நுரைதான் வேணும். அதுக்கு முன்னாடி கையால தாடியத் தடவி எந்தப் பக்கம் வழவழன்னு போகுது எந்தப் பக்கம் சொரசொரன்னு நிக்குதுன்னு பாத்து வச்சுக்கங்க. கன்னத்துல பெரும்பாலும் கீழ நோக்கி இருக்கும், கழுத்துல ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு பக்கவாட்டுல சுழிச்சுக்கிட்டு போகும்.

பிடிக்கறது இப்படி. கத்திக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு கழுத்து மாதிரி இருக்கு பாருங்க, அங்க மேல மூணு விரல், கீழ கட்டைவிரல், சுண்டுவிரல் பின்னாடி இருக்கற வால்ல. கைப்பிடி மடங்கி மேல நிமிந்து நிக்கும். மொத நாள் கன்னம் ரெண்டு மட்டும் பண்ணுங்க, மிச்சத்த எப்பவும் பண்ற ரேசர்ல முடிச்சிடுங்க. ஆரம்பிக்க வலது கன்னத்துல கிருதாவுக்குக் கீழ நல்ல இடம், இடது கைய தலைக்கு மேல கொண்டு வந்து கிருதாவுக்கு மேல தோல விரலால மேல இழுத்துப் பிடிங்க. தோல் மேளத் தோல் மாதிரி விரைப்பா இருந்தா கத்தி மேல சறுக்கிட்டுப் போகும், தொளதொளன்னு இருந்தா கத்திக்கு முன்னாடி மடிஞ்சு நிக்கும், வெட்டுப்படறது அங்கதான். கத்திய தோல்ல தட்டையா வச்சு அப்புறம் முதுக மட்டும் மெதுவா தூக்குங்க, முதுகுக்கும் தோலுக்கும் நடுவுல முதுகோட தடிமன்ல ஒண்ணரை மடங்கு இடைவெளி வந்தா ஏறத்தாழ 30 டிகிரி ஆச்சு. அதவிட தட்டையா இருந்தா முடிய பிடிச்சு இழுக்கும், அதவிட நிமித்தினா தோலச் சொரண்டும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் இழுப்பு, நிறுத்து, தோல மறுபடி இழுத்துப் பிடி, அடுத்த இழுப்பு.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். கத்தி தோல்ல பட்டுக்கிட்டு இருக்கும்போது வாய் நீளவாக்குல, அதாவது காய் நறுக்கற மாதிரி பக்கவாட்டுல, ஒரு மில்லிமீட்டர் கூட நகரக் கூடாது. ஆழமான வெட்டுக் காயம் பெரும்பாலும் அப்படித்தான் வருது. போன் அடிச்சாலோ யாராச்சும் கதவத் தட்டினாலோ மொதல்ல கத்திய முகத்துல இருந்து எடுத்துட்டு அப்புறம் திரும்புங்க. கத்தி கை தவறி விழுந்தா பிடிக்கப் போகாதீங்க, காலத் தள்ளி வச்சுட்டு விழ விடுங்க. அதே மாதிரி கத்தி முடில சிக்கின மாதிரி நின்னா அழுத்தித் தள்ளக் கூடாது. நின்னா ஒண்ணு சாய்வு தப்பு, இல்ல நுரை காஞ்சிருச்சு, இல்ல கூர் போச்சு. அழுத்தறதால இந்த மூணுல எதுவும் சரியாகறதில்ல.

சலூன்ல அண்ணன் ரெண்டு நிமிஷத்துல முடிக்கறாரேன்னு அவரப் பாத்து காப்பி அடிக்காதீங்க. அவருக்கு நம்ம முகம் நேரா எதிர்ல இருக்கு, ரெண்டு கையும் ஒரே பக்கத்துல வேலை செய்யுது. நமக்கு கண்ணாடில எல்லாம் திருப்பித் தெரியும், இடது கன்னத்துக்குப் போகும்போது கையே முகத்த மறைச்சிரும். அந்தக் கன்னத்துக்கு இடது கைல கத்தி பிடிச்சுப் பழகறதுதான் நீண்ட நாளைக்கு நல்லது, ஆரம்பத்துல கூச்சமா இருக்கும், ஆனா ரெண்டு கையும் புதுசுதானே, வலது கைக்கு மட்டும் ஏற்கனவே தெரியுமா என்ன. நமக்கு இருக்கற ஒரு வசதி, கத்தி எப்படிப் போகுதுன்னு கையிலயும் தெரியும் கன்னத்துலயும் தெரியும், அவருக்கு கையில மட்டும்தான்.

கன்னம் பழகினதுக்கப்புறம் கழுத்து, கடைசியாத்தான் தாடையும் மீசை இடமும். மேலுதட்டுக்கு உதட்ட பல்லு மேல இழுத்துப் பிடிச்சு, மூக்கு நுனிய விரலால தூக்கிக்கங்க. தாடைல வளைவு அதிகம், முடியும் அங்கதான் முரடு, அதுல அவசரமே வேண்டாம். மொத சில மாசத்துக்கு முடி போற போக்குலயே ஒரு தடவை இழுத்தா போதும், மொழுமொழுன்னு வராது, வரலேன்னா என்ன. அப்புறம் மறுபடி நுரை போட்டு குறுக்கால, அதுவும் பழகினதுக்கப்புறம்தான் போக்குக்கு எதிரா. எதிர இழுக்கறதுல உள்வாங்கி வளர்ற முடி, கொப்புளம் எல்லாம் வரும், சிலருக்கு அது ஒத்துக்கவே ஒத்துக்காது. முகத்துல பரு நிறைய இருக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க இந்தப் பக்கம் வராம இருக்கறதே நல்லது.

முடிஞ்சதும் பச்சைத் தண்ணில கழுவிட்டு படிகாரக் கல்ல நனைச்சு முகம் பூராத் தடவுங்க. சின்னக் கீறல்ல ரத்தம் நிக்கும், அதோட எந்த இடத்துல சுருக்குன்னு எரியுதோ அந்த இடத்துல நீங்க அழுத்தியிருக்கீங்கன்னு அர்த்தம். அடுத்த நாள் எங்க கவனமா இருக்கணும்னு அதுவே காட்டிக் குடுத்துரும்.

கத்திய அப்படியே மூடி வச்சுடாதீங்க. கார்பன் எஃகு தண்ணி பட்டா ஒரே ராத்திரில துரு புள்ளி வச்சிரும், சென்னை மாதிரி கடலோரத்துல கேக்கவே வேண்டாம். கழுவும்போது குழாய்ல வாய் இடிக்காம பாத்துக்கங்க, கைப்பிடிக்குள்ள தண்ணி போக விடாதீங்க, மெல்லிசு துணியால முதுகுப் பக்கத்துல இருந்து வாய்ப் பக்கமா துடைச்சு, நல்லா காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைங்க. தேங்காயெண்ணெய் நாள்பட பிசுக்காகிரும். பாத்ரூம் அலமாரில வைக்காதீங்க, குழந்தைங்க இருக்கற வீடா இருந்தா பூட்டுற இடத்துல வைங்க. ஸ்டெயின்லெஸ் கத்தின்னா துருக் கவலை குறைவு, துடைக்கறது எப்படியும் வேணும்.

வார்ல நல்லா தீட்டியும் முடிய இழுக்குதுன்னா கல்லு கேக்குதுன்னு அர்த்தம். அப்ப தெருவுல சைக்கிள் சக்கரத்தோட சாணை பிடிக்கறவர் வந்தா அவர்கிட்ட குடுத்துடாதீங்க, அரிவாமனைக்கும் கத்திரிக்கோலுக்கும் அவர்தான் சரி, ஆனா சுழல்ற சாணைல சூடு ஏறி மெல்லிசு வாயோட பதம் போயிரும், முதுகும் வாயும் சேர்ந்து தேயணும்ங்கற கணக்கும் காலி. லேசா கூர் குறைஞ்ச கத்திக்கு 12000 கிரிட் (இந்த எண் கூடக் கூட கல்லு நைசு) தட்டைக் கல்லு ஒண்ணுல கொஞ்சம் இழுத்தாலே திரும்பிரும், இங்க வார் மாதிரி இல்லாம வாய் முன்னாடி போகணும். சில்லு பேந்ததுன்னா 1000ல ஆரம்பிச்சு 4000, 8000ன்னு ஏறணும், அத மொத வருஷத்துல நீங்களே பண்ணப் பாக்காம தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பிருங்க.